இறகைப் பிடுங்கிக்கொண்ட சாம்பல் கிளி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென் புறநகரில் ஒரு தனி வீடு. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர், அவருடைய மனைவி, தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை பார்க்கும் மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி ஆகியோர் அங்கே வாழ்ந்தனர். 2015-இல், திருமணத்துக்கு முன்பு, மகன் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக் குஞ்சை வாங்கி வந்தார். தாய்ப் பறவையிடமிருந்து சில வாரங்களிலேயே பிரித்துக் கூழ் ஊட்டி வளர்த்த, விற்பனையாளர்கள் 'ஹேண்ட் ஃபீட்' என்று சொல்லும் வகைக் குஞ்சு அது. இறகைக் கொண்டு செய்த டிஎன்ஏ சோதனையில் பெண் என்று தெரிந்தது. வாங்கியவர் மகன்தான், ஆனால் அவர் காலையில் அலுவலகம் போனால் இரவில்தான் திரும்புவார் என்பதால், தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும் பேசுவதும் முழுக்க அவருடைய தாயாரின் பொறுப்பாயின. கூடமும் அடுக்களையும் சந்திக்கும் மூலையில் கூண்டு இருந்தது. அந்த அம்மையார் சமைத்தபடியே கிளியுடன் பேசுவார். ஏழு ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

குக்கர் விசிலையும் மைக்ரோவேவ் ஒலியையும் கிளி கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. குறிப்பிட வேண்டியது வேறொன்று. மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோவது அந்த வீட்டுப் பெரியவரின் பழக்கம். மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரோரம் கொட்டும்போதெல்லாம் அம்மையார் அடுக்களையிலிருந்து "ஏங்க, டேங்க் வழியுது" என்று குரல் கொடுப்பார். இரண்டாவது ஆண்டிலேயே அவரை முந்திக்கொண்டு, அவருடைய குரலிலேயே, கிளி அதைச் சொல்லத் தொடங்கிவிட்டது. மழை பெய்யும்போதோ குழாயில் தண்ணீர் விழும்போதோ அது அப்படிச் சொன்னதில்லை என்று குடும்பத்தினர் அனைவரும் உறுதியாகக் கூறினர். சாம்பல் கிளிகளுக்கு இது இயலாத காரியமன்று. 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கப்பட்ட அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியை முப்பது ஆண்டுகள் ஆய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ஐரீன் பெப்பர்பெர்க், நிறங்களையும் வடிவங்களையும் சிறிய எண்ணிக்கைகளையும் அது பொருளறிந்தே சொன்னது என்பதைக் காட்டியிருக்கிறார்.

2022 ஜூலையில் அம்மையார் மாரடைப்பால் காலமானார். காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகும் கிளி அவருடைய குரலில் பேசிக்கொண்டிருந்தது. அழைப்பு மணி அடித்தால் "யாரு வாசல்ல?" என்றது, தொட்டி வழிந்தால் "ஏங்க" என்றது. மருமகளும் மகனும் அதைத் தாங்க முடியாமல், ஆகஸ்ட் மாதத்தில், கூண்டைப் பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தனர். இந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் தொடக்கம் அதுதான்.

முதல் வருகையில் கண்டவை

2022 டிசம்பரில் மகன் கிளியை என்னிடம் கொண்டுவந்தார். பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவன் என்ற முறையில், முந்தைய ஆண்டு நகம் வெட்டுவதற்காக வந்தபோது அதன் எடையை 460 கிராம் என்று குறித்து வைத்திருந்தேன். இப்போது 405 கிராம். மார்பிலும் வயிற்றிலும் தொடைகளிலும் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. இறக்கைகளின் உட்புறத்திலும் இறகுகள் பாதிவரை கடித்துத் துண்டிக்கப்பட்டிருந்தன. தலையும் கழுத்தின் மேற்பகுதியும் மட்டும், புதிதாகத் தைத்துப் போட்ட தொப்பிபோல, ஓர் இறகுகூடக் குறையாமல் இருந்தன.

அந்தத் தலைதான் முதல் துப்பு. தன் அலகு எட்டாத இடத்தில் மட்டும் இறகு முழுமையாக இருந்தால், பறவை தானே பிடுங்கிக்கொள்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அலகையும் இறகையும் தாக்கும் சர்க்கோவைரஸ் நோயாக இருந்தால் தலையிறகும் கெட்டிருக்கும். ஆயினும் "மனக்கவலைதான் காரணம்" என்று உடனே முடிவு கட்டுவது இந்தத் துறையில் அடிக்கடி நேரும் பிழை. உடல் காரணங்களை விலக்கிய பிறகே அந்தச் சொல்லுக்கு இடம் தர வேண்டும். எனவே இரத்தமும் எச்சமும் சோதிக்கப்பட்டன. சர்க்கோவைரஸ் இல்லை. பறவையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளமிடியா என்ற பாக்டீரியாவும் இல்லை. வீட்டில் சிறு குழந்தை இருந்ததால் அந்த முடிவுக்காகக் கவலையோடு காத்திருந்தோம். குடற்புழுக்களும் இல்லை. இரத்தத்தில் கால்சியம் மட்டும் குறைவாக இருந்தது.

தீனியைக் கேட்டபோது காரணம் விளங்கியது. சூரியகாந்தி விதை, வேர்க்கடலை, சோறு, காப்பியில் நனைத்த பிஸ்கட். சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. கால்சியமும் வைட்டமின் ஏ சத்தும் மிகக் குறைவு. சாம்பல் கிளிகளுக்குக் கால்சியம் குறைந்தால் நடுக்கமும் வலிப்பும்கூட வரும். அம்மையார் இருந்தவரை இவற்றோடு கீரையும் காயும் அவர் கையால் கிடைத்தன; அவர் போன பிறகு கிண்ணத்தில் விதை மட்டும் நின்றது. பின்கட்டில் வெயிலும் படவில்லை. தோலில் வைட்டமின் டி உருவாக நேரடிச் சூரிய ஒளி வேண்டும். சன்னல் கண்ணாடியைக் கடந்து வரும் ஒளி அதற்குப் பயன்படாது.

முதல் முடிவும் அதன் தோல்வியும்

கால்சியம் ஊசியும் வைட்டமின் டி மருந்தும் கொடுத்தேன். அத்துடன், தொடையில் ஓரிடத்தில் தோல் கிழிந்து இரத்தம் கசிந்திருந்ததால், அலகு எட்டாதபடி கழுத்தில் புனல் வடிவ வளையம் ஒன்றை மாட்டி அனுப்பினேன். காயம் ஆறும்வரை கடிப்பதைத் தடுப்பதே நோக்கம். அப்போது அது நியாயமாகவே தோன்றியது.

மூன்றாம் நாள் காலை மகன் தொலைபேசியில் அழைத்தார். கிளி குச்சியில் நிற்க முடியாமல் இருமுறை விழுந்துவிட்டதாகவும், கூண்டின் அடித்தட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதாகவும், தீனியைத் தொடவே இல்லை என்றும் சொன்னார். கொண்டுவரச் சொல்லி எடை பார்த்தேன். 384 கிராம். மூன்று நாளில் 21 கிராம் போயிருந்தது. அந்த அளவுள்ள ஒரு பறவைக்கு அது பெரிய இழப்பு. வளையத்தை உடனே கழற்றினேன். கழற்றிய பத்தாவது நிமிடம் அது தண்ணீர் குடித்தது. அடுத்த அரைமணியில் மார்பில் மிஞ்சியிருந்த தூவியில் ஒரு கொத்தைப் பிடுங்கி எறிந்தது. காயத்துக்கு மருந்திட்டேன், ஆறியது. ஆனால் பிடுங்குவதற்கான காரணத்தைக் கேட்காமல் பிடுங்கும் அலகை மட்டும் கட்டிப்போட்டேன் என்பதை அந்தக் கொத்துத் தூவி எனக்கு உணர்த்தியது.

வீட்டில் ஒரு நாள்

2023 ஜனவரி முதல் வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து இரவுவரை அந்த வீட்டில் இருந்தேன். மருத்துவமனையில் கேட்டறிந்த வரலாற்றில் இல்லாத நான்கு செய்திகள் அன்று கண்ணில் பட்டன.

கிளி அலறும்போதெல்லாம் யாராவது ஒருவர் பின்கட்டுக்கு ஓடினர். சிலர் அதட்ட, சிலர் கடலை கொடுத்தனர். அலறாமல் அமைதியாக இருந்த வேளைகளில் ஒருவரும் போகவில்லை. ஆள் வேண்டுமென்றால் அலற வேண்டும் என்று ஐந்து மாதங்களாகக் குடும்பமே அதற்குப் பாடம் நடத்தி வந்திருக்கிறது.

அடுத்து, உறக்கம். துணி துவைக்கும் இயந்திரம் இரவு பத்தரைக்கு மேல்தான் ஓடியது. பின்கட்டு விளக்கு அதுவரை எரிந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு மோட்டார். வெப்பமண்டலக் காட்டில் பன்னிரண்டு மணி நேர இருளுக்குப் பழகிய இனத்துக்கு ஏழு மணி நேரம்கூடத் தொடர்ந்த தூக்கம் இல்லை.

மூன்றாவது, சொல்வதற்குச் சங்கடமானது. மாமியாரை இழந்த கிளி என்ற இரக்கத்தில், மருமகள் தினமும் மாலையில் அதை மடியில் வைத்து, முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் அரைமணி நேரம் தடவிக்கொடுத்தார். கிளி இறக்கைகளைத் தாழ்த்தி, வாலை உயர்த்தி, மூச்சு வாங்கி, உண்டதைக் கக்கி அவர் கையில் வைக்க முயன்றது. இணைப் பறவையிடம் காட்டும் நடத்தை அது. தலையிலும் கழுத்திலும் கோதினால் தோழமை. முதுகைத் தடவினால் இனச்சேர்க்கைக்கான தூண்டல். தினமும் தூண்டப்பட்டு, முடிவு காணாமல் கூண்டுக்குத் திரும்பிய கிளி, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள்தான் மிகுதியாக இறகு பிடுங்கியது. மற்றவர்கள் கையை நீட்டினால் கடிக்கத் தொடங்கியிருந்ததற்கும் இதுவே காரணம்.

நான்காவது, வேலையின்மை. காட்டில் இந்த இனம் எண்ணெய்ப் பனைப் பழத்தையும் விதைகளையும் தேடி நெடுந்தொலைவு பறந்து, தோலுரித்து, உடைத்து, கூட்டத்தோடு கத்திப் பேசிப் பகலின் பெரும்பகுதியைக் கழிக்கும். இந்தக் கிளிக்குக் கிண்ணத்தில் தீனி இருந்தது. பத்து நிமிடத்தில் தின்றுவிட்டது. மீதிப் பகலுக்கு அதன் அலகுக்குக் கிடைத்த பொருள் அதன் உடம்பு மட்டுமே. குடும்பத்தினர் 'துக்கம்' என்றே சொல்லி வந்தனர். இழப்பு அதைப் பாதிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் துக்கம் என்ற சொல் அவர்களைக் கூடுதலாகக் கொஞ்சும் பக்கம் தள்ளியது. அந்தக் கிளியின் அறிவுக்குத் தேவைப்பட்டதோ வேலை.

அன்று அடுக்களையில் நான்-ஸ்டிக் தோசைக்கல் ஒன்றையும் பார்த்தேன். அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்து எழும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். அன்றே அதை வெளியேற்றச் சொன்னேன். பெரியவர் பரணிலிருந்து பழைய இரும்புக் கல்லை இறக்கினார்.

மாற்றிய திட்டம்

கூண்டு கூடத்துக்குத் திரும்பியது. நான்கு பக்கமும் திறந்திருந்தால் பறவைக்குப் பதற்றம் என்பதால், இருபுறமும் சுவர் தாங்கும் மூலை தேர்ந்தெடுக்கப்பட்டது. தொலைக்காட்சித் தொடர்கள் இரவு பத்துவரை ஓடும் கூடத்தில் உறக்கம் வாய்க்காது. எனவே பெரியவரின் அறையில் ஒரு சிறு கூண்டு வைத்து, மாலை ஏழரை மணிக்கு அதில் மாற்றித் துணி போர்த்தி, காலை ஆறரைக்கு வெளியே கொண்டுவருவது என்று முடிவாயிற்று. காலையில் இருபது நிமிடம் கூண்டோடு மாடி வெயில், பாதி நிழல் படும்படி.

தீனியை ஒரே நாளில் மாற்றவில்லை. பழகாத உணவை உணவென்றே அறியாமல் பட்டினி கிடக்கும் கிளிகளைப் பார்த்திருக்கிறேன். பெல்லட் எனப்படும் சத்துச் சமன்செய்த உருண்டைத் தீனியைச் சிறுகச் சிறுகக் கூட்டி, விதையைக் குறைத்து, ஒன்பது வாரத்தில் மாற்றினோம். முருங்கைக்கீரை கால்சியத்துக்கும், வேகவைத்த சர்க்கரைவள்ளியும் பூசணியும் காரட்டும் வைட்டமின் ஏ சத்துக்கும். காப்பி, சாக்லேட், பட்டர் ஃப்ரூட் ஆகியவை முற்றாக விலக்கப்பட்டன. கடைசி இரண்டும் நஞ்சு. தினமும் காலையில் முதல் எச்சத்துக்குப் பின், தீனிக்கு முன், அடுக்களைத் தராசின்மேல் ஒரு குச்சியைப் பொருத்தி அதில் நிற்கவைத்து எடை எடுக்கும் வேலையைப் பெரியவர் ஏற்றார். கணக்குப் பிரிவில் பணியாற்றியவர். நாள், கிராம், அலறல் நிமிடங்கள் என்று மூன்று பத்தி கட்டி எழுதிய அந்த நோட்டு, இந்த ஆய்வின் ஆதாரங்களிலேயே நம்பகமானது.

வேலை கொடுப்பதில்தான் அதிக நேரம் செலவானது. முதலில் கடலையைச் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி வைத்தோம். கிளி அதைக் கண்டு அஞ்சிக் கூண்டின் மறுகோடிக்குப் போயிற்று. சாம்பல் கிளிகளுக்குப் புதிய பொருள் என்றாலே மிரட்சி. எனவே பேத்தி கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து, தானே பொட்டலத்தைப் பிரித்துக் கடலையைத் தின்று காட்டினாள். நான்காம் நாள் கிளி பிரித்தது. பிறகு மக்காச்சோள மடல், தென்னை ஓலைப் பின்னல், துளையிட்ட தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைத்த கீரை, பட்டையோடு கூடிய கொய்யாக் கிளை என்று கடினம் கூட்டப்பட்டது. மார்ச் மாதத்தில், காலைத் தீனியைத் தேடி எடுக்க அதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஒரு சிரட்டையைக் காலால் பிடித்துக் கவிழ்த்து, உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்த்து, மறுபடி கவிழ்த்து, பிறகு துளையைவிடப் பெரிதாயிருந்த முடிச்சை அலகால் தட்டையாக்கி வெளியே இழுத்ததை ஒருநாள் நின்று பார்த்தேன்.

அலறினால் யாரும் வருவதில்லை. அமைதியாகவோ விசிலடித்தோ பேசியோ அழைத்தால் உடனே மறுமொழி. இதுவும் முடிவாயிற்று. மருமகள் தடவுவதை நிறுத்த வேண்டியிருந்தது. அவருடைய அன்பைக் குற்றமாக்காமல் அதைச் சொல்ல நான் தடுமாறினேன். குளிக்கத் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், தலையை மட்டும் கோதுங்கள் என்றேன். இரண்டு வாரம் அவருக்கும் கிளிக்கும் கடினமாகவே இருந்தது.

குரல் பற்றிய முடிவு

கூண்டு கூடத்துக்கு வந்தால் குரலும் கூடத்துக்கு வரும். அதை மறக்கச் செய்ய வழியுண்டா என்று மகன் கேட்டார். கற்ற சொல்லை அழிக்க முடியாது. மறுமொழி கிடைக்காத சொல் நாளடைவில் அருகும், மறுமொழி கிடைக்கும் சொல் பெருகும் என்று விளக்கினேன். வீட்டிலுள்ளவர்கள் ஒரே விதமாக நடந்தால்தான் அது பலிக்கும். மகன் அருக விடலாம் என்றார். பெரியவர் வெகுநேரம் பேசாமலிருந்து, "அது கூப்பிட்டா நான் எழுந்து போய் மோட்டார நிறுத்திட்டுத்தான் இருக்கேன் டாக்டர். இனிமேலும் நிறுத்துவேன்" என்றார்.

எடுத்த முடிவு ஒரு சமரசம். தொட்டி வழிவதைச் சொல்வது பொருளுள்ள பேச்சு. தக்க காலத்தில் சொல்லி, தக்க விளைவைப் பெறுகிறது. அதற்கு மறுமொழி தொடரட்டும். காரணமின்றி, ஆளைக் கூப்பிடுவதற்காக, அந்தக் குரலில் எழும் மற்ற சொற்களைக் கண்டுகொள்ள வேண்டாம். இது முழுக்க மருத்துவ முடிவு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

தொடர்ந்து நடந்தவை

நோட்டின்படி, ஜனவரி இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு நூறு நிமிடங்களைத் தாண்டிய அலறல், முதல் பத்து நாளில் இன்னும் ஏறியது. பழைய வழி பலிக்காதபோது அதையே இன்னும் உரக்க முயல்வது எதிர்பார்க்கத்தக்கதே. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் குடும்பம் தாக்குப்பிடித்தது. மார்ச் இறுதியில் அலறல் இருபது நிமிடமாயிற்று. எடை 431 கிராம். ஏப்ரலில் மார்பில் வெண்சாம்பல் தூவி அரும்பியது. இரத்தம் ஓடும் இளம் இறகுகள் உறையோடு முளைத்தன, அவற்றில் பெரும்பாலானவற்றைக் கிளி விட்டுவைத்தது.

மே மாதம் சரிவு. கோடை விடுமுறையில் குடும்பம் ஆறு நாள் வெளியூர் சென்றது. தீனி வைக்க, காலையும் மாலையும் வந்துபோகும்படி பழக்கமில்லாத ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தனர். அவர் சொன்னபடி எல்லாவற்றையும் செய்தார். ஆனால் பகல் முழுதும் வீட்டில் ஒலியில்லை. திரும்பி வந்தபோது கூண்டின் அடித்தட்டு புதிய இறகுகளால் நிறைந்திருந்தது. அதன் பிறகு, வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியைப் பொட்டலம் கட்டவும் எடை எடுக்கவும் பழக்கினர். அவர் பகலில் தங்கினால்தான் அனைவரும் ஒருசேர வெளியூர் செல்வது என்று வைத்துக்கொண்டனர். செப்டம்பரில் நான்கு நாள் பயணம் சேதமின்றிக் கடந்தது.

ஆவணச் சிக்கலும் ஒன்று இருந்தது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின், மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதற்பட்டியலில் இந்த இனம் 2017 ஜனவரி முதல் உள்ளது. அத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியானதும், மகன் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பித்தார். நம் நாட்டுப் பச்சைக்கிளிக்கு இந்த வழி இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம் என்பதை, பச்சைக்கிளியோடு வருபவர்களிடம் வாரந்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மீண்டும் நேர்ந்தால் மாற்றுவன

வளையத்தை மாட்டுவதற்கு முன் வீட்டைப் பார்ப்பேன். நேரில் இயலாவிட்டால் ஒரு முழு நாளைக் காணொளியாக எடுத்து வரச் சொல்வேன். தோல் கிழிந்தே இருந்தாலும், புனலுக்குப் பதில் மென்துணி மேலாடையை என் முன்னிலையில் சில மணி நேரம் அணிவித்துப் பார்த்த பிறகே அனுப்புவேன். முந்தைய ஆண்டு நகம் வெட்ட வந்தபோதே தீனி என்ன என்று கேட்டிருக்க வேண்டும். எடையைக் குறித்த நான் அதைக் கேட்கவில்லை. குடும்பத்தில் மரணமோ பிரிவோ நிகழ்ந்த வீட்டிலிருந்து பறவை வந்தால், அதைப் பராமரித்த கைகள் இப்போது யாருடையவை என்ற கேள்வியை முதலில் கேட்கிறேன்.

வயது பற்றிய பேச்சையும் தொடக்கத்திலேயே எடுத்திருக்க வேண்டும். நன்கு பராமரித்தால் இந்தக் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இருக்கும்; பெரியவருக்கு வயது எழுபது. ஒரே மனிதரை நம்பி வாழ்ந்ததன் விளைவைப் பார்த்துவிட்டு, நோட்டும் எடையும் உறக்கமுமாக அதை மறுபடியும் ஒரே மனிதரிடம் ஒப்படைத்தது என் திட்டத்தின் குறை. 2023 இறுதியில்தான் இரவுக் கூண்டு மாற்றும் வேலை மகனுக்கும், காலை எடை பேத்திக்கும் மாறின.

கடைசியாகப் பார்த்தபோது

2024 ஆகஸ்டில் எடை 446 கிராம். மார்பு மூடிவிட்டது. இடது தொடையில் உள்ளங்கைக் குழியளவு இடம் வெறுமையாகவே இருக்கிறது. திரும்பத் திரும்பப் பிடுங்கியதில் இறகின் வேர்ப்பை கெட்டுவிட்டதால் அங்கே இனி முளைக்காது. பேத்தியின் தும்மலைப் புதிதாகக் கற்றிருக்கிறது.

தண்ணீர் வீணாவதைத் தடுக்க, தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நின்றுவிடும் கருவி ஒன்றை மகன் அந்தக் கோடையில் பொருத்தியிருந்தார். சில காலைகளில் அப்பா அதை அணைத்துவிட்டு, பழைய பொத்தானை அழுத்தி மோட்டார் போடுகிறார் என்றும், தொட்டி வழியும்வரை கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார் என்றும் அவர் என்னிடம் சொன்னார். இதனால் கிளிக்குத் தீங்குண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.